தோட்டத்துக் கார் ஷெட்டுக்கும் கட்டுத்தரைக்கும் சோலார் விளக்கு: எவ்வளவு வாட், எந்த பேட்டரி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. சாளையிலிருந்து (தோட்டத்து வீடு) 80 மீட்டர் தள்ளி ஒரு கார் ஷெட், அதை ஒட்டியே கட்டுத்தரை, மூன்று கறவை மாடுகள். அங்கே கரண்ட் இல்லை. விடிகாலையில் செல்போன் டார்ச்சை மேடையில் சாய்த்து வைத்துப் பால் கறக்கிறார்கள். ஒரு கடையில் '200 வாட் சோலார் தெருவிளக்கு ஒன்று போதும்' என்கிறார்கள். இன்னொரு கடையில் 1 கே.வி.ஏ. இன்வெர்ட்டர், 150 ஏ.ஹெச். (ஆம்பியர் மணி) பேட்டரி, பெரிய பேனல் இரண்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எது சரி? மானியம் உண்டா? பின்னால் ஃபேன் சேர்க்க முடியுமா?

இரண்டுமே உங்களுக்கு வேண்டாம். 12 வோல்ட் பேனல் 100 வாட்டில் ஒன்று, 12 வோல்ட் லித்தியம் பேட்டரி 30 ஏ.ஹெச்., பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் 10 ஆம்பியர் சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்று, நேராக 12 வோல்ட்டில் எரியும் விளக்குகள் நான்கு. இவ்வளவுதான். ஏன் என்று விளக்குகிறேன். கணக்கு உங்களுக்குப் புரிந்துவிட்டால் எந்தக் கடையிலும் நீங்களே கேட்டு வாங்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இதனால் கரண்ட் பில் மிச்சமாகாது. உங்கள் ஷெட்டுக்கு நாளொன்றுக்கு 80 வாட் மணி போதும் (ஒரு வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு வாட் மணி, ஆயிரம் சேர்ந்தால் ஒரு யூனிட்; 80 எப்படி என்பது கீழே). மாதத்துக்கு இரண்டரை யூனிட் கூட ஆகாது. அதற்காகப் பேனலும் பேட்டரியும் வாங்கினால் போட்ட காசு பில்லில் திரும்பி வராது. சோலார் இங்கே சரியாக வருவது அந்த 80 மீட்டரால்தான். அவ்வளவு தூரம் மண்ணுக்கடியில் கேபிள் போட்டால், தென்னைக்கு ரோட்டவேட்டர் ஓட்டும்போது ஒருநாள் அறுபடும். மேலே கம்பத்தில் இழுத்தால் மட்டை விழும். ஷெட் சாளையிலிருந்து 20, 30 மீட்டருக்குள் இருந்து, வீட்டில் இன்வெர்ட்டரும் இருந்திருந்தால், 'ஒரு நல்ல கேபிளை இழுத்துவிடுங்கள், சோலாரே வேண்டாம்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கட்டுத்தரையின் தரை எப்போதும் ஈரம். மூத்திரம், கழுவிய தண்ணீர், சாணம். அங்கே 230 வோல்ட் ஒயரில் சின்னக் கசிவு ஏற்பட்டாலும் முதலில் போவது மாடுதான். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே தூரம் அதிகம். ஈரத்தரையில் கரண்ட் பரவும்போது அந்த இரண்டு இடங்களுக்கு நடுவே கிடைக்கும் வோல்டேஜ் நமக்குக் கிடைப்பதைவிட அதிகம், அதுவும் நெஞ்சு வழியாகவே பாயும். 12 வோல்ட்டில் இந்தப் பயமே கிடையாது. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடலாம், மாடு ஒயரை நக்கினாலும் உயிருக்கு ஆபத்து இல்லை. அதனால்தான் இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக மாற்றும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.

இன்வெர்ட்டர் வேண்டாம் என்பதற்குக் கணக்கிலும் காரணம் உண்டு. வீட்டு இன்வெர்ட்டர் ஒன்று விளக்கே எரியாமல் சும்மா ஆன் ஆகி இருந்தாலும் 10 முதல் 20 வாட் வரை தின்னும். 15 என்று வைத்தால் 24 மணி நேரத்துக்கு 360 வாட் மணி. உங்கள் விளக்குகளுக்கு வேண்டியதோ 80. வேலை செய்கிறவனைவிட மேஸ்திரிக்கு நாலு பங்கு கூலி கொடுக்கிற மாதிரி. அந்தக் கடைக்காரர் பெரிய பேட்டரி எழுதியதே இந்த இன்வெர்ட்டருக்குத் தீனி போடத்தான்.

சரி, தெருவிளக்கு? பேனலும் பேட்டரியும் விளக்கும் ஒன்றாக இருக்கும் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்து, மேலே உள்ள பேனலை அளந்து பாருங்கள். நல்ல பேனல் ஒரு சதுர மீட்டருக்கு, முழு வெயிலில், சுமார் 200 வாட் தரும். பெட்டி மேல் இருப்பது 20 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் என்றால் 0.03 சதுர மீட்டர், அதாவது 6 வாட். நாள் முழுக்க நல்ல வெயில் அடித்தாலும் 30 வாட் மணிக்குமேல் வராது. இழப்பெல்லாம் போக 20 மிஞ்சும். இரவு 12 மணி நேரம் எரிய வேண்டுமானால் சராசரி ஒன்றரை வாட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். டப்பாவில் 200 வாட் என்று போட்டிருந்தாலும், 500 என்று போட்டிருந்தாலும், வெயில் விழும் பரப்புக்கு மேல் ஒரு துளி கூட வராது. இதை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. கேட் பக்கம், தடத்தோரம், ஆள் வந்தால் பளிச்சென்று எரிய வேண்டிய இடத்துக்கு நல்ல சாமான். கூரைக்கு அடியில் பால் கறக்க உதவாது. அதன் பேனல் வெயிலில் இருக்க வேண்டும், விளக்கோ உள்ளே இருக்க வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டும் நடக்காது.

இப்போது உங்கள் கணக்கு. பேனலிலிருந்து தொடங்காதீர்கள். எந்த விளக்கு, எத்தனை மணி நேரம் என்பதிலிருந்து தொடங்குங்கள். கட்டுத்தரையில் 10 வாட் எல்.இ.டி. ட்யூப் ஒன்று. காலை நாலரை முதல் ஆறு, மாலை ஆறு முதல் ஏழரை, ஆக மூன்று மணி நேரம், 30 வாட் மணி. கார் ஷெட்டில் 7 வாட் பல்ப் இரண்டு, ஒரு மணி நேரம், 14. வாசலில் ஆள் வந்தால் எரியும்படி சென்சார் வைத்த 5 வாட் விளக்கு, இரவு முழுக்க விட்டு விட்டு எரிந்து மொத்தம் இரண்டு மணி நேரம், 10. செல்போன் சார்ஜ் ஏற்ற ஒரு 10. கூட்டினால் 64. கன்று போடுகிற இரவு, மாட்டுக்கு உடம்பு சரியில்லாத இரவு என்று வரும், அதற்கும் சேர்த்து 80 என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் பேட்டரியில் இது சுமார் ஆறரை ஆம்பியர் மணி.

வெளிச்சம் போதுமா என்று சந்தேகம் வரலாம். 2011-ல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து சி.எஃப்.எல். விளக்கு கொடுத்தார்கள், ஒவ்வொன்றும் 11 வாட். அதே வெளிச்சத்தை இன்று 6, 7 வாட் எல்.இ.டி. தந்துவிடும். 10 வாட் ட்யூப் என்பது பழைய 60 வாட் குண்டு பல்புக்குச் சற்று அதிகமான வெளிச்சம். மடியில் காயம் இருக்கிறதா, பாலில் திரி விழுகிறதா என்று பார்க்கத் தாராளமாகப் போதும், அதைச் சரியான இடத்தில் மாட்டினால். கறக்கும் ஆளின் முதுகுக்குப் பின்னால் மாட்டினால் அவர் நிழலே மடியில் விழும். மாடுகளின் பின்பக்கம், பக்கவாட்டில், ஏழெட்டு அடி உயரத்தில் மாட்டுங்கள். கார் ஷெட்டிலும் அப்படித்தான். நடுவில் ஒரு பெரிய விளக்கைவிட, காருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன விளக்கு இருந்தால் பானெட்டைத் திறந்து பார்க்கும்போது இருட்டு இருக்காது. நிறத்தில் மஞ்சள் கலந்த வெள்ளையை எடுங்கள். நீலம் தூக்கலான வெள்ளைக்குப் பூச்சி அதிகம் வரும், பூச்சிக்குப் பின்னால் தவளை, அதற்குப் பின்னால் பாம்பு.

இனி வெயில். தமிழ்நாட்டில் பகல் 12 மணி நேரம் என்றாலும், முழு வேகத்தில் அடிக்கும் வெயிலாகச் சுருக்கினால் ஆண்டு சராசரி நாளுக்கு 5 மணி நேரம் அல்லது கொஞ்சம் கூட. மாசி, பங்குனியில் அதற்கு மேலேயே வரும். ஆனால் சராசரியை வைத்துப் பேனல் வாங்கக் கூடாது. உங்கள் ஊருக்கு இரண்டு மழைக்காலம். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவ மேகம், அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. மேகமூட்டமான நாளில் 3 மணி நேரம் கிடைத்தால் நல்லது. அடைமழை நாளில் ஒரு மணி நேரம் கூடத் தேறாது.

ஆறரை ஆம்பியர் மணி எடுக்க வேண்டுமானால் பேட்டரிக்குள் 8 போக வேண்டும், வழியில் இழப்பு இருப்பதால். 50 வாட் பேனல் முழு வெயிலில் சுமார் 2.8 ஆம்பியர் தரும். மூன்று மணி வெயில் நாளில் 8.4 வரும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, கடைக்காரரும் இதைத்தான் காட்டுவார். ஆனால் அதற்கு முந்தின இரண்டு நாளும் அடைமழையாக இருந்திருந்தால்? காலியான பேட்டரியை நிரப்ப அந்தப் பேனலிடம் மிச்சமே இல்லை. பேட்டரி பாதி வயிற்றோடு வாரக்கணக்கில் கிடக்கும். 100 வாட் பேனல் 5.5 ஆம்பியர் தரும், அதே நாளில் 16 ஆம்பியர் மணி. பாதி அன்றைய செலவுக்கு, பாதி பழைய பாக்கிக்கு. ஒன்றரை மணி வெயில் வந்தாலே அன்றைய தேவை முடிந்துவிடும்.

இந்த மாதிரி சின்ன அமைப்பில் நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதுதான்: பேனலைத் தாராளமாகப் போடுங்கள், பேட்டரியை அளவாகப் போடுங்கள். மக்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். இரண்டு நாள் விளக்கு மங்கினால் இன்னும் பெரிய பேட்டரி வாங்குகிறார்கள். வரவு கூடாமல் பெட்டி மட்டும் பெரிதானால் அது நிரம்பவே நிரம்பாது. பேனல் 20, 25 வருடம் உழைக்கும், வாட்டுக்கு விலையும் இறங்கிவிட்டது. சீக்கிரம் போவதும், மறுபடி மறுபடி காசு கேட்பதும் பேட்டரிதான். அதைக் காப்பாற்றத்தான் பெரிய பேனல்.

பேட்டரி எவ்வளவு? வெயிலே இல்லாத மூன்று நாளைத் தாங்க வேண்டும் என்று வைத்தால் 20 ஆம்பியர் மணி எடுக்கக் கிடைக்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80, 90 சதவீதம் வரை எடுக்கலாம். 30 ஏ.ஹெச். தாராளம். ஆயிரக்கணக்கான சுற்றுகள் தாங்கும், தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆவி கிளம்பாது. பழைய ஈயம் அமில ட்யூபுலர் என்றால் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, அதனால் 40 ஏ.ஹெச். வாங்க வேண்டும். விலை கொஞ்சம் குறையலாம், உள்ளூரிலேயே எக்ஸ்சேஞ்ச் கிடைக்கும், அது ஒரு வசதி. ஆனால் மழைக்காலத்தில் அரைகுறையாக நிரம்பிக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டுவிடும். பாதி நிரம்பியிருப்பதை லித்தியம் பொருட்படுத்துவதில்லை. உங்கள் ஊர் மேகத்துக்கு லித்தியமே பொருத்தம்.

காரிலிருந்து கழற்றிய பழைய பேட்டரியை வைக்கலாமா என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். வேண்டாம். ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டுவதற்காக, மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கிச் செய்தது அது. தினமும் பாதி இறக்கி ஏற்றினால் சில மாதங்களில் கை விரித்துவிடும்.

கன்ட்ரோலரில் இரண்டு வகை. பி.டபிள்யூ.எம். பேனலின் கரண்டை அப்படியே பேட்டரிக்கு விடும், மலிவு. எம்.பி.பி.டி. பேனலின் கூடுதல் வோல்டேஜையும் கரண்டாக மாற்றித் தரும், விலை கூடுதல். 12 வோல்ட் பேனலை 12 வோல்ட் பேட்டரிக்குப் போடும்போது இந்த அளவுக்கு பி.டபிள்யூ.எம். போதும், மேலே போட்ட கணக்கும் அதை வைத்துத்தான். ஆனால் வீட்டு மாடிக்கு விற்கும் 330 வாட் பேனலை 'மலிவாகக் கிடைக்கிறதே' என்று வாங்கி பி.டபிள்யூ.எம்.மில் இணைத்துவிடாதீர்கள். அந்தப் பேனல் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தருவது. பி.டபிள்யூ.எம். அந்த 9 ஆம்பியரை மட்டும் 13 வோல்ட்டில் பேட்டரிக்குள் விடும். கிடைப்பது 120 வாட், மீதி வீண். அதற்கு எம்.பி.பி.டி. கட்டாயம்.

வாங்கும்போது பேனலைத் திருப்பி, முதுகில் ஒட்டிய சீட்டைப் படியுங்கள். அதிகபட்சத் திறன் தரும் வோல்டேஜ் என்று ஒரு வரி இருக்கும். 18-க்கு அருகில் இருக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு ஏன் 18 என்றால், வெயிலில் பேனலின் உடம்பு 60, 65 டிகிரி வரை காயும். சூடு ஏற ஏற வோல்டேஜ் இறங்கும். 18 என்பது சித்திரை மத்தியானத்தில் 15 சொச்சமாகிவிடும். பேட்டரி நிரம்ப 14.4 வேண்டும். 16 வோல்ட் என்று போட்ட மலிவுப் பேனல் வெயில் உச்சத்தில் இருக்கும்போதே பேட்டரியை நிரப்ப முடியாமல் நின்றுவிடும். இதே காரணத்தால் பேனலைத் தகரத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். அடியில் நாலைந்து அங்குலம் காற்றோட்டம் விடுங்கள்.

எங்கே வைப்பது என்பதுதான் உங்கள் தோப்பில் உண்மையான சிக்கல். உங்கள் ஊர் சுமார் பத்தரை டிகிரி வட அட்சரேகை. தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு. ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் உங்களுக்கு வடக்கே போய்விடும், அதனால் அதிகம் சாய்க்கக் கூடாது. அதற்காகப் படுக்கையாகவும் வைக்க வேண்டாம். தூசியும் பறவை எச்சமும் மழையில் வழிந்தோட 10 டிகிரியாவது வேண்டும். 15 வைத்தால் மழைக்கால, மார்கழி வெயில் நன்றாகப் பிடிக்கும்.

நிழல்தான் எதிரி. 36 செல் உள்ள பேனலில் செல்கள் எல்லாம் ஒரே வரிசைத் தொடர். ஒரு செல்லை மட்டும் நிழல் மூடினாலும் அந்தத் தொடர் முழுக்கக் கரண்ட் தடைபடும். பின்னால் பெட்டியில் உள்ள இரண்டு டையோடு, நிழல் விழுந்த பாதியைச் சுற்றிக் கரண்டை விட்டு, மற்றப் பாதியைக் காப்பாற்றும், ஆனால் அந்தப் பாதியின் 9 வோல்ட்டால் 12 வோல்ட் பேட்டரிக்குள் எதையும் தள்ள முடியாது. ஒரு தென்னமட்டையின் கீற்று நிழல் போதும், வரவு ஒன்றுமில்லாமல் போக. டிசம்பரில் நடுப்பகல் சூரியன் உங்கள் ஊரில் 56 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். 50 அடி தென்னையின் நிழல் வடக்கே 34 அடி விழும், அதுவும் உச்சியில். காலை ஒன்பது மணிக்கு இன்னும் நீளம். ஆகவே தெற்கே 40, 50 அடிக்குள் மரம் இருந்தால் ஷெட் கூரையை மறந்துவிடுங்கள். களம், கிணற்று மேடு, தொட்டிப் பக்கம் என்று திறந்த இடம் எங்கே இருக்கிறதோ அங்கே கம்பம் நட்டு பேனலை வையுங்கள். காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் போய் நின்று, உங்கள் தலையில் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். மார்கழியில் பார்த்தால் மிகச் சரி. தேங்காய் விழும் இடத்தையும் தவிர்க்க வேண்டும், கண்ணாடி ஒரே அடியில் சிலந்திவலையாகிவிடும்.

கம்பம் 10 மீட்டர் தள்ளி இருந்தால் 4 சதுர மில்லிமீட்டர் சோலார் ஒயர். போக வர 20 மீட்டரில் 5.5 ஆம்பியருக்கு அரை வோல்ட் இழப்பு, பரவாயில்லை. 20 மீட்டரைத் தாண்டினால் 50 வாட் பேனல் இரண்டை வரிசைத் தொடராக இணைத்து 36 வோல்ட்டாக்கி, எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வையுங்கள். கரண்ட் பாதியாகும், இழப்பும் குறையும். உள்ளே விளக்குக்கான ஒயரிலும் வீட்டுப் பழக்கத்தில் 1 சதுர மில்லிமீட்டர் போட்டுவிடாதீர்கள். 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் இழப்பு என்பது எட்டு சதவீதம். மெயின் ஒயர் 2.5 என்று வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

ஜூன், ஜூலையில் கணவாய்க் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கம்பத்துக்குக் கான்கிரீட் அடி, பேனலுக்கு நாலு மூலையிலும் போல்ட். கூரையில்தான் வைக்க வேண்டும், அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு என்றால், அதில் துளையும் போட வேண்டாம், ஏறவும் வேண்டாம். தூள் நுரையீரலுக்குக் கேடு, ஓடும் ஆளைத் தாங்காது. சுவரோரம் குழாய் நட்டு அதன் மேல் வையுங்கள்.

இணைக்கும்போது ஒரு வரிசை உண்டு. முதலில் பேட்டரியை கன்ட்ரோலரில் சேருங்கள். அது 12 வோல்ட் அமைப்பு என்று தெரிந்துகொள்ளட்டும். அப்புறம் பேனல், கடைசியில் விளக்கு. கழற்றும்போது தலைகீழ். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று சொன்னேன், ஆனால் ஷார்ட் ஆனால் பேட்டரி மிகப் பெரிய கரண்டைக் கக்கி ஒயரைச் செந்தணலாக்கிவிடும். பக்கத்தில் வைக்கோல் போர் இருக்கிற இடம், ஃப்யூஸை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சுவிட்ச் வைக்க எம்.சி.பி. (ஷார்ட் ஆனால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) வாங்கினால் டி.சி.க்கு, அதாவது பேட்டரி தரும் ஒரே திசைக் கரண்டுக்கு, என்று எழுதியிருப்பதாகக் கேளுங்கள். வீட்டுக்கு வரும் ஏ.சி. கரண்ட் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்சில் எழும் பொறி தானே அணையும், டி.சி.யில் அப்படி அணையாது.

கன்ட்ரோலரில் பேட்டரி வகையை லித்தியம் என்று மாற்ற மறக்க வேண்டாம். விளக்கை நிறுத்தும் வோல்டேஜை 12.0-ல் வையுங்கள். பல கன்ட்ரோலர்கள் 10.8 என்று வரும். அவ்வளவு கீழே போக விட்டால் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) தன்னைத் துண்டித்துக்கொள்ளக்கூடும். பேட்டரி துண்டித்துவிட்டால் சில கன்ட்ரோலர்களுக்கு அங்கே பேட்டரி இருப்பதே தெரியாது, மறுநாள் வெயில் அடித்தாலும் சார்ஜ் ஏற்றாது. பேட்டரி போய்விட்டது என்று தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவார்கள். உண்மையில் வெளிச் சார்ஜர் ஒன்றை வைத்துச் சில நிமிடம் எழுப்பிவிட்டால் போதும்.

இன்னொன்று, கன்ட்ரோலரில் 'இருட்டினால் எரி, விடிந்தால் அணை' என்று ஒரு வசதி இருக்கும். எல்லா விளக்கும் ஒரே முனையில் இருக்கும்போது அதைப் போட்டால், மழை இருட்டில் பகலில் காரைப் பார்க்க ஷெட் விளக்கு எரியாது. எப்போதும் கரண்ட் வரும்படி வைத்துவிட்டு, வாசல் விளக்குக்கு மட்டும் இருட்டில் ஆள் வந்தால் எரியவைக்கும் 12 வோல்ட் சென்சார் தனியாக வையுங்கள்.

பல்ப் விஷயத்தில் கவனம் வேண்டும். 12 வோல்ட் டி.சி. பல்பும் வீட்டுப் பல்பும் ஒரே ஹோல்டரில் பொருந்தும், பார்வைக்கும் ஒன்றுதான். இதை யாராவது எடுத்துப்போய் வீட்டில் மாட்டினால் வெடிக்கும். ஷெட் ஹோல்டர்களில் பெயின்ட் அடித்து '12 வோல்ட்' என்று எழுதிவிடுங்கள். பல்பின் மேல் 10 முதல் 30 வோல்ட் வரை என்பது போல் அகலமான எல்லை போட்டிருந்தால் நல்லது. சரியாக 12 என்று செய்த எல்.இ.டி. பட்டைகள், பேட்டரி 14.4-ல் சார்ஜ் ஆகும்போது சூடாகிச் சீக்கிரம் கருகும்.

கட்டுத்தரைக் காற்றில் அம்மோனியா இருக்கும். செம்பு முனைகளைச் சில மாதத்தில் பச்சை பூக்க வைத்துவிடும். கன்ட்ரோலரையும் பேட்டரியையும் கார் ஷெட் பக்கச் சுவரில், தகரத்தை விட்டுத் தள்ளி, இடுப்பு உயரத்தில், பெட்டிக்குள் வையுங்கள். முனைகளில் வாஸ்லின் தடவுங்கள். ஒயர் எல்லாம் பி.வி.சி. குழாய்க்குள், எலிக்காக. தென்னந்தோப்பு எலி சும்மா விடாது.

பிறகு பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விடிகாலையில், வெறும் தண்ணீரும் துணியும். கொதிக்கிற கண்ணாடியில் மத்தியானம் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

மானியம் பற்றி. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை தருகிறார்கள். அது வீட்டுக் கூரையில் வைத்து மின்வாரிய லைனோடு இணைப்பதற்கு. ஷெட்டில் பேட்டரியோடு தனியாக நிற்கும் இந்தச் சின்ன அமைப்பு அதில் வராது. சாளைக்கு அப்படி ஒன்று போட நினைத்தால் தாராளமாகப் போடுங்கள், பில் குறையும். ஆனால் லைனில் கரண்ட் போனால் பேட்டரி இல்லாத அந்த அமைப்பும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். மின்வெட்டுக்கு அதை நம்ப முடியாது.

கடைசியாக ஃபேன். குறைந்த கரண்டில் ஓடும் 12 வோல்ட் பி.எல்.டி.சி. ஃபேன் 25 முதல் 30 வாட். பகல் எட்டு மணி நேரம் ஓடினால் 200-க்கு மேல் வாட் மணி, உங்கள் எல்லா விளக்குகளையும் சேர்த்தது போல் இரண்டரை, மூன்று மடங்கு. கறவை மாட்டுக்குச் சித்திரை வெக்கையில் காற்று வேண்டும் என்பது நியாயமான ஆசை, சூட்டில் தீனி குறைந்தால் பாலும் குறையும். ஆனால் அதை இந்த பேட்டரியில் மாட்டாதீர்கள். இரவு விளக்கு பட்டினி கிடக்கும். மாட்டுக்கு ஃபேன் வேண்டிய நேரமும் வெயில் அடிக்கிற நேரமும் ஒன்றே என்பதால், அதற்கெனத் தனியாக ஒரு 100 வாட் பேனல், ஒரு கன்ட்ரோலர், வோல்டேஜ் ஆடாமல் பிடித்து வைக்க ஒரு சின்ன பேட்டரி என்று பகலில் மட்டும் ஓடும்படி செய்துகொள்ளுங்கள். விளக்கு அமைப்பை இப்போதே போட்டுவிடலாம். கம்பத்தின் மேல் இன்னொரு பேனலுக்கு இடம் விட்டு இரும்புச் சட்டத்தை அகலமாக வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், ஃபேனை மாசியில் பார்த்துக்கொள்ளலாம்.